பாடம் நடத்தப் பழகுதல்: புதிய கல்லூரி ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சி

பள்ளியில் ஆசிரியராகச் சேர பி.எட். பட்டமோ ஆசிரியர் பயிற்சிப் பட்டயமோ வேண்டும். கல்லூரியில் சேர அப்படி எதுவும் வேண்டியதில்லை. முதுகலைப் பட்டத்தோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லையேல் முனைவர் பட்டம் இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிச் சில வினாக்கள் வருவதுண்டு. அவற்றுக்குச் சரியான விடையைக் குறிப்பதற்கும், மாணவர்கள் நிறைந்த அறையில் ஒரு மணிநேரம் பாடம் நடத்துவதற்கும் வெகுதூரம். அந்தத் தூரத்தைக் கடக்க உதவவே அறிமுகப் பயிற்சி ஏற்பட்டது. ஆசிரியர் அறைகளில் இதை ‘ஓரியன்டேஷன்’ என்றே சொல்வார்கள்.

1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் இதற்கென நாடு தழுவிய நிலையான ஏற்பாடு இல்லை. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலையை ஆராய 1983இல் பேராசிரியர் ரயீஸ் அகமது தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் இக்குறையை எடுத்துக்காட்டியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு ‘அகாதமிக் ஸ்டாஃப் காலேஜ்’ என்ற பயிற்சி மையங்களைப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன.

அப்போது வகுத்த பயிற்சி நான்கு வாரம் நீண்டது. மொத்தம் 144 மணிநேரம். பாடத்திட்டம் நான்கு பகுதிகளாக இருந்தது: சமூகம், சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆகியவற்றுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு, கல்வித் தத்துவமும் கற்பிக்கும் முறைகளும், அறிவு மூலங்களைத் தேடிப் பயன்படுத்துதல், நிர்வாகமும் ஆளுமை வளர்ச்சியும். சமூகத்தை முதலில் வைத்தது ஆழ்ந்த யோசனை. தன் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியாமல் எந்த முறையைக் கையாண்டும் பயனில்லை.

பெயர்கள் பிறகு பலமுறை மாறின. 2015இல் இம்மையங்கள் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2019இல் ‘குரு தக்ஷதா’ என்ற வழிகாட்டி, புதிதாகச் சேர்வோருக்கு ஒரு மாதப் பயிற்சியை வகுத்துத் தந்தது. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, நாடெங்கும் 111 மையங்கள் அதன்கீழ் வந்தன.

வடசென்னையில் இந்தப் பயிற்சியின் தேவை மற்ற இடங்களைவிடக் கூர்மையாகத் தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி, பிராட்வே பகுதியில் 1964இல் தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றுக்கு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். காசிமேட்டில் படகுக்குப் போகிறவர், மீன் விற்பவர், துறைமுகத்தில் சுமை தூக்குபவர், மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளைகள் இவர்களில் பலர். அந்த வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரும்பாலும் இவர்களே.

இங்கே பணியில் சேரும் ஒரு புதிய ஆசிரியருக்குப் பாடநூலில் இல்லாத பல செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் திருவொற்றியூரிலிருந்து வரும் பேருந்து நகராது. முதல் மணிநேரத்துக்குத் தாமதமாக வருபவரைப் பொறுப்பில்லாதவர் என்று முடிவுகட்டுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கும். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் வேளையில்தான் மீனவர் வீட்டில் கையில் காசு இராது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் ஆங்கிலவழி இளநிலை வகுப்பில் வாய்திறக்காமல் இருந்தால் அவருக்குப் பாடம் புரியவில்லை என்று பொருளல்ல. கேள்வியைத் தமிழில் கேட்டால் விடை வந்துவிடும்.

உதவித்தொகைகளை அறிந்திருப்பதும் ஆசிரியர் வேலையே. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. படிப்பைப் பாதியில் விட நினைக்கும் ஒருவரிடம் இவற்றை எடுத்துச் சொல்லி விண்ணப்பிக்க வைக்கும் ஆசிரியர், ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்துக்கு நிகரான உதவியைச் செய்கிறார். எந்தத் தேசியப் பாடத்திட்டத்திலும் இந்த விவரங்கள் வரப்போவதில்லை. துறைத் தலைவரும் மூத்த ஆசிரியர்களும் சொல்லித்தந்தால்தான் உண்டு.

பயிற்சியில் மிகுந்த பயன் தரும் பகுதி ‘மைக்ரோ டீச்சிங்’. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. புதியவர் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு ஐந்து முதல் பத்து நிமிடம் சக ஆசிரியர்கள் முன் நடத்துவார். கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருந்தாரா, கரும்பலகையைப் பார்த்தே பேசினாரா, கடைசி வரிசையில் இருப்பவருக்குக் குரல் எட்டியதா என்று மற்றவர்கள் குறித்துச் சொல்வார்கள். திருத்திக்கொண்டு அதே பகுதியை மறுபடியும் நடத்த வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றினாலும், தம் வகுப்பை இன்னொருவர் பார்க்க அனுமதிப்பதற்குக் கல்லூரி ஆசிரியர்களிடம் இருக்கும் கூச்சம் உடைவது இங்கேதான்.

மருத்துவக் கல்வித் துறை இதில் முந்திக்கொண்டது. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1970களிலேயே தொடங்கிவிட்டது. வடசென்னையில் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி உட்பட, எல்லா மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் அடிப்படை மருத்துவக் கல்விப் பயிற்சி இன்று பணித் தகுதிகளுள் ஒன்று. மூன்று நாள் நடக்கும் அதில் கற்றல் நோக்கங்களை எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, செய்முறைத் திறனை மதிப்பிடுவது எல்லாம் இடம்பெறும்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் பயிற்சியைப் பதவி உயர்வோடு பிணைத்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் தம் முதல் உயர்வைப் பெற 21 நாள் அறிமுகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முனைவர் பட்டம் உள்ளவருக்கு அந்த உயர்வு நான்கு ஆண்டில் வரும், எம்.ஃபில். உள்ளவருக்கு ஐந்து, மற்றவர்களுக்கு ஆறு. இதனால் யாரும் பயிற்சியைத் தவிர்க்க முடியாது என்பது நன்மை. ஆனால் வகுப்பறையில் தடுமாறும் முதல் ஆண்டில் கிடைக்க வேண்டியது, உயர்வு நெருங்கும் நான்காம் ஆண்டில் போய்ச் சேர இந்த விதி இடம்கொடுக்கிறது. அதற்குள் நல்லதோ கெட்டதோ பழக்கங்கள் கெட்டிப்பட்டுவிடுகின்றன.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கிநிற்பவர்களில் கௌரவ விரிவுரையாளர்கள் பலர். அவர்களுக்குப் பதவி உயர்வு என்ற படியே கிடையாது; ஆகவே பயிற்சிக்குப் போகும் கட்டாயமோ ஊக்கமோ இல்லை. நிரந்தர ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் அது பணிக்காலமாகக் கணக்காகும். ஆண்டுக்கு ஆண்டு நியமனம் புதுப்பிக்கப்பட வேண்டியவருக்கு மூன்று வாரம் வெளியே இருப்பது எளிதல்ல. மாணவருக்கோ எதிரில் நிற்பவர் நிரந்தரமா, கௌரவமா என்ற வேறுபாடு தெரியாது; அவருக்கு எல்லோரும் ஆசிரியர்களே. பயிற்சியை நியமனத்தின் தன்மையிலிருந்து பிரித்து, வகுப்பெடுக்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாக்குவதே நியாயம்.

இலங்கையில் பயிற்சி பணியின் வேறு கட்டத்தில் வருகிறது. அங்கே பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதிகாண் விரிவுரையாளர் பணியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு முன்பே அறிமுகப் பயிற்சியை முடிக்க வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பல்கலைக்கழகங்கள் இதற்கெனப் பணியாளர் மேம்பாட்டு மையங்களை வைத்துள்ளன. பயிற்சி வேலையின் வாசலிலேயே வந்துவிடுவதால் காலம் தள்ளிப்போவதில்லை.

அறிமுகப் பயிற்சிக்குப் பின் வருவது ‘ரெஃப்ரெஷர்’ எனப்படும் புத்தொளிப் பயிற்சி. இது அவரவர் துறை சார்ந்தது. இப்போது இரண்டு வாரம் நடக்கிறது. பயிற்சி மையங்களுக்கு நேரில் போகவேண்டிய கட்டாயமும் குறைந்துவிட்டது. இணையவழியில் பல பயிற்சிகள் கிடைக்கின்றன. புதிய கல்விக் கொள்கை பற்றிய 36 மணிநேரப் பயிற்சி அவற்றுள் ஒன்று. சொற்பொழிவு கேட்க இணையம் போதும். மைக்ரோ டீச்சிங்குக்கு ஆட்கள் ஒரே அறையில் இருந்தாக வேண்டும்.

வடசென்னை ஆசிரியருக்குத் துறைப் பயிற்சிக்கான களம் வாசலிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் எண்ணூர் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் இரவோடு இரவாக வீட்டைவிட்டு ஓடினார்கள். வேதியியல் ஆசிரியருக்கு இது வாயுக்களின் கரைதிறன் பாடம். விலங்கியல் ஆசிரியருக்கு இறால், நண்டு பற்றிய பாடம். பொருளியல் ஆசிரியருக்கு இழப்பீட்டைக் கணக்கிடும் பாடம். முன்வரிசை மாணவர்களில் சிலர் அந்த இரவில் ஓடியவர்களாகவே இருக்கக்கூடும்.