கப்பலில் ஒரு விடுமுறை: பூண்டுலோயாவிலிருந்து அத்திலாந்திக் தேயிலைத் தோட்டம் வரை

மலையகத்தில் பிறந்த நமக்குக் கப்பல் என்ற சொல் விடுமுறையை நினைவூட்டுவதில்லை. நமது மூதாதையர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். 1964 ஆம் ஆண்டு கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கானோர் மீண்டும் கடல் கடந்து போனார்கள். கோச்சியில் தலைமன்னார் வரை சென்று, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். என் தாயார் தம் வாழ்நாளில் கடலைக் கண்டது ஒரேயொரு தடவைதான். தங்கையின் குடும்பத்தை வழியனுப்பத் தலைமன்னாருக்குப் போன அன்றுதான் அது. எங்கள் வீட்டில் கப்பல் என்றால் பிரிவு என்றுதான் பொருள்.

ஆகவே, லண்டனில் வசிக்கும் மகளும் மருமகனும், "அம்மா, இரண்டு வாரம் கப்பலில் சுற்றிவிட்டு வருவோம்" என்று அழைத்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடத் தயக்கமே அதிகமாக இருந்தது. போய் வந்த பின்னர், நமது சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய விடயங்கள் பல இருப்பதாக உணர்ந்தேன்.

மிதக்கும் ஊர்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சௌதாம்டன் துறைமுகத்தில் கப்பலேறினோம். 1912 ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் புறப்பட்ட அதே துறைமுகம். எங்கள் கப்பல் பல மாடிகள் கொண்ட ஒரு நகரம் போலிருந்தது. நீச்சல் தடாகம், நூலகம், அரங்கு, வைத்தியர் எல்லாம் உள்ளே உண்டு. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைந்தது. எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. இரவில் கப்பல் ஓடும். காலையில் கண் விழித்தால் புதிய ஊர் நிற்கும். பெட்டி தூக்கி அலைய வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இது பெரிய வசதி.

பிஸ்கே விரிகுடாவில் கப்பல் சற்று ஆடியது. மகள் மாத்திரை கொடுத்தாள். நான் கொண்டு போயிருந்த இஞ்சியை மென்றேன்.

முதலில் இறங்கியது ஸ்பெயினின் காடிஸ் நகரில். கொலம்பஸ் 1493 ஆம் ஆண்டு தமது இரண்டாவது பயணத்தைத் தொடங்கியது இங்கிருந்துதான். அடுத்தது ஜிப்ரால்ட்டர். அத்திலாந்திக் சமுத்திரமும் மத்தியதரைக் கடலும் சந்திக்கும் வாசல் இது. மிகவும் ஒடுங்கிய இடத்தில் ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே சுமார் 14 கிலோமீற்றர் தூரம்தான். பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட இந்தச் சிறிய ஊரில், சிந்தி வணிகர் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கடை நடத்துகின்றன. ஓர் இந்துக் கோவிலும் உண்டு. குன்றின் மேல் வாலில்லாத குரங்குகள் பயணிகளின் பைகளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பின்னர் மத்தியதரைக் கரையில் மலாகா. ஓவியர் பிக்காசோ 1881 ஆம் ஆண்டு பிறந்த ஊர். அங்கிருந்து கப்பல் திரும்பி, அத்திலாந்திக்கின் நடுவே போர்த்துக்கலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவை நோக்கிச் சென்றது.

மடெய்ராவில் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. செங்குத்தான மலைச்சரிவில் கல் அடுக்கி, மண் நிரப்பி, படிபடியாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். மழை அதிகம் பெய்யும் பக்கத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டு வருகிறார்கள். 'லெவாடா' எனப்படும் இந்த வாய்க்கால்கள் மொத்தம் ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் நீளமானவை. நமது பீலித் தண்ணீர்தான், ஆனால் ஒரு தீவு முழுவதும்! மலையுச்சியிலிருந்து பயணிகளைப் பிரம்புக் கூடை வண்டியில் அமர்த்தி, இரண்டு ஆண்கள் சறுக்கிக்கொண்டு இறக்குகிறார்கள். கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்தவர்களின் மகளான நான் கூடைக்குள் உட்கார்ந்து வந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடலோரத்தில் தேயிலை

அடுத்த துறைமுகம்தான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது. போர்த்துக்கலுக்கு மேற்கே, நடுச் சமுத்திரத்தில் அசோரஸ் எனும் ஒன்பது தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது சாவோ மிகேல். அதன் துறைமுகம் பொன்டா டெல்காடா. வேலியெல்லாம் நீல நிறத்தில், நுவரெலியா பங்களாத் தோட்டங்களில் காணும் அதே ஹைட்ரேஞ்சியா பூக்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான பஸ் பயணத்தில் வடகரையிலுள்ள கொரியானா தோட்டத்தை அடைந்தோம். ஐரோப்பாவின் மிகப் பழைய தேயிலைத் தோட்டம் இது.

இதன் கதையைக் கேட்டபோது நமது கதையையே கேட்பது போலிருந்தது. சாவோ மிகேல் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்குத் தோடம்பழம் அனுப்பிச் செழித்த தீவு. மரங்களில் நோய் பரவி அந்த வியாபாரம் நொடித்தது. மாற்றுப் பயிர் தேடியவர்கள் 1878 ஆம் ஆண்டு மக்காவோவிலிருந்து இரண்டு சீன நிபுணர்களை வரவழைத்துத் தேயிலைத் தொழிலைக் கற்றார்கள். இலங்கையிலும் 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டு தீவுகள், ஒரே விதமான இழப்பு, ஒரே செடி!

கொரியானாவை 1883 ஆம் ஆண்டளவில் தொடங்கியவர் எர்மெலிண்டா காகோ டா கமரா என்ற பெண்மணி. இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஸ்டோருக்குள் நுழைந்ததும் பச்சைக் கொழுந்து வாடும் வாசனை. கண்ணை மூடினால் பூண்டுலோயாதான். இங்கிலாந்தின் மார்ஷல் கொம்பனி செய்த பழைய ரோலர்கள் இன்னும் சுழல்கின்றன. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் காய்ந்த தூளிலிருந்து காம்பைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போய் ஒரு காம்பை எடுத்துப் போட்டேன். ஒருவர் நிமிர்ந்து சிரித்தார். மொழி தேவைப்படவில்லை.

வேறுபாடுகளையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே லயம் இல்லை. மலையில் கொழுந்தை இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். தோட்டம் மிகச் சிறியது. வருடத்துக்குச் சில பத்துத் தொன் தேயிலைதான். இலங்கையோ 2023 ஆம் ஆண்டில் மட்டும் 250 மில்லியன் கிலோவுக்கும் அதிகமாக உற்பத்தி செய்தது. ஆனாலும் கொரியானாவுக்குப் பயணிகள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஒரு கோப்பை குடித்துப் பார்க்கிறார்கள். போகும்போது தோட்டத்தின் பெயர் போட்ட பக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் கப்பலின் சிற்றுண்டிச்சாலையில் இருந்த தேநீர்ப் பைகளில் நாட்டின் பெயர்கூட இருக்கவில்லை.

அறையைச் சுத்தம் செய்தவர்

விடுமுறை எடுப்பவர் இருக்கும் இடத்தில், விடுமுறையின்றி உழைப்பவரும் இருப்பார். எங்கள் அறையைக் காலையும் மாலையும் ஒழுங்கு செய்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். ஒன்பது மாத ஒப்பந்தம். பிள்ளையைத் தம் தாயாரிடம் விட்டு வந்திருக்கிறார். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் நமது பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கப்பல் ஊழியருக்கெனச் சர்வதேச தொழில் அமைப்பு 2006 ஆம் ஆண்டு ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. 2013 இல் அது நடைமுறைக்கு வந்தது. 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் ஓய்வு கொடுக்க வேண்டும். வேலை எடுத்துக் கொடுப்பதற்கு ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு மட்டுமே ஊழியரைச் சாரும். ஆகவே, "கப்பலில் வேலை, இத்தனை இலட்சம் கட்டுங்கள்" என்று உங்கள் பிள்ளையிடம் எவரேனும் கேட்டால், நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இப்போது இத்தகைய பயணங்களுக்கு அழைக்கப்படுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுத் திரும்புவதாயின், பல தடவை நுழையக்கூடிய பிரித்தானிய விசா வேண்டும். ஸ்பெயின், போர்த்துக்கல் துறைமுகங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அது இல்லாவிட்டால் கப்பல் கொம்பனி உங்களை ஏற்றாமலே விடலாம். மரக்கறி உணவை முன்பதிவின்போதே கேளுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். கரையில் இறங்கினால் குறித்த நேரத்துக்கு முன்னரே திரும்பிவிடுங்கள். தனியாகச் சென்று தாமதிப்பவருக்காகக் கப்பல் காத்திராது.

எல்லோராலும் கப்பலில் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் பலருக்கு ஒரு நாள் பேர் இழந்தாலே வீட்டுச் செலவு தடுமாறும். ஆனால் ஓய்வு பணக்காரருக்கு மட்டும் உரியது என்று நாமே நம்பத் தொடங்கிவிடக் கூடாது. சீட்டுப் பணத்தில் சிறு பங்கை ஒதுக்கி, வருடத்தில் ஒரு நாள் நமது மாதர் சங்கங்கள் பெண்களை நீர்கொழும்புக்கோ திருகோணமலைக்கோ அழைத்துச் செல்லலாம். அன்று சமைப்பதும் பரிமாறுவதும் வீட்டு ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். பூண்டுலோயாவில் டன்சினன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனங்கள் வருகின்றன. படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. வருபவர்களை உட்கார வைத்து நல்ல சாயம் ஊற்றிக் கொடுக்கவும், தோட்டத்தின் பெயரோடு ஒரு பக்கெட் தூளை விற்கவும், இந்தக் கொழுந்தைப் பறித்தவர் யாரென்று சொல்லவும் நமது பெண்களுக்கு ஓர் இடம் வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கூட்டாகச் சென்று கேட்போம்.