டிரெய்லர் பிரேக்குக்கு யார் கையெழுத்து?



ஓட்டுநர் இல்லாத டிரக்குகளைப் பற்றிய எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை: "முன்னாடி இருக்கிற டிராக்டர் புத்திசாலி ஆயிடுச்சு, சரி. பின்னாடி வர்ற டிரெய்லரோட பிரேக்கை யாருங்க செக் பண்றாங்க?"

நியாயமான கேள்வி. அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு செமி டிரக், சிறப்பு அனுமதி இல்லாமலேயே 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் வரை போகலாம். சரக்கு முழுக்க இருப்பது டிரெய்லரில்தான். அதன் பிரேக்கை, விற்பதற்கு முன்னால் அரசு சோதித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் பதில்.

கம்பெனியே தரும் சான்று

ஐரோப்பாவில் புது மாடல் டிரெய்லர் விற்பனைக்கு வரும் முன்பே அரசு ஒப்புதல் வாங்கணும். அமெரிக்காவில் 1966-ல் வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் போகிறது. "இந்த வண்டி எல்லாப் பாதுகாப்பு விதிகளுக்கும் பொருந்துகிறது" என்று தயாரிப்பாளரே சான்று தரணும். டிரெய்லரின் இடது பக்கம், முன்பாதியில் இருக்கிற லேபிள் அதுதான். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. பிறகு வண்டியை வாங்கிச் சோதிக்கலாம், புகார் வந்தால் விசாரிக்கலாம். ஆனால் முதல் கையெழுத்து கம்பெனியோடது.

நாமே எழுதின கோடுக்கு நாமே 'டெஸ்ட் பாஸ்' போட்டுக்கிற மாதிரி இருக்கு இல்ல? வித்தியாசம், அந்தக் கையெழுத்து பொய்யானால் என்ன ஆகும் என்பதில். பாதுகாப்புக் குறையோ விதிமீறலோ இருக்கிறது என்று தெரிந்த 5 வேலை நாட்களுக்குள் கம்பெனி அரசுக்குச் சொல்லணும். உரிமையாளர்களுக்கும் தெரிவிக்கணும். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை, சொந்தச் செலவில் சரிசெய்து தரணும். வருஷத்துக்குப் பத்து டிரெய்லர் மட்டும் கட்டுகிற சின்னப் பட்டறைக்கும் இதே பொறுப்புதான்.

விதி 121 என்ன கேட்கிறது?

ஏர் பிரேக் வாகனங்களுக்கான விதியின் எண் 121. டிராக்டருக்கு நேரடியான சோதனை: மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து, எடை ஏற்றிய நிலையில், பெரும்பாலான டிராக்டர்கள் 250 அடிக்குள் நிற்கணும். 2009-ல் திருத்தும் முன் இது 355 அடி. இதில் கவனிக்க ஒன்று உண்டு: அந்தச் சோதனையில் பின்னால் மாட்டும் டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது. டிராக்டரின் திறமையை மட்டும் அளக்கணும் என்பதற்காக அப்படி.

அப்போ டிரெய்லருக்கு? தானாக ஓடாத வண்டி என்பதால், அதைப் பாகம் பாகமாகப் பார்க்கிறார்கள். பிரேக்கைக் கழற்றி டைனமோமீட்டரில் சுழற்றி, எவ்வளவு பிடிக்கிறது, சூடேறினால் தாங்குகிறதா என்று அளக்கணும். மிதித்ததும் பிரேக் சேம்பரில் காற்றழுத்தம் ஏற, ஒரு நொடிக்கும் குறைவான கால எல்லை உண்டு. காற்று மொத்தமும் போனாலும் பார்க்கிங் பிரேக் பிடித்து நிற்கணும். பெரும்பாலும் அதைச் செய்வது ஒரு பெரிய ஸ்பிரிங். பிடிப்பது ஸ்பிரிங்; அதை விட்டுவைக்கத்தான் காற்று.

இருபது வருஷ இழுபறி

இந்த விதியில் அதிகம் சண்டை நடந்தது ஏபிஎஸ்ஸுக்காக. சக்கரம் லாக் ஆனால் டிரெய்லரின் பின்பக்கம் பக்கவாட்டில் வீசி, அடுத்த லேனையே துடைத்துக்கொண்டு வரும். அதைத் தடுக்க 1975-லேயே ஒரு விதி வந்தது. அன்றைய எலக்ட்ரானிக்ஸ் நம்பகமாக இல்லை என்று தயாரிப்பாளர்கள் வழக்குப் போட, 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தது. புதிய டிரெய்லர்களுக்கு ஏபிஎஸ் மறுபடி கட்டாயமானது 1998 மார்ச் 1-ல்தான்.

நடுவில் விபத்துகள் நடந்தன. ஏபிஎஸ் இல்லாத டிரக்குகள் மோதியதால் ஜார்ஜியாவில் வழக்குகள் வந்தபோது, 'மத்தியச் சட்டம் இருக்கு, மாநிலச் சட்டப்படி எங்களைக் கேட்க முடியாது' என்று தயாரிப்பாளர்கள் வாதாடினார்கள். 1995-ல், 'ஃப்ரெய்ட்லைனர் எதிர் மிரிக்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமலில் விதியே இல்லாதபோது அதன் பின்னால் ஒளிய முடியாது என்பதுதான் சாரம். விதி இருந்து, அதன்படி நடந்திருந்தாலும், அது மட்டுமே பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று சட்டமும் சொல்கிறது.

விதி எட்டாத இடம்

29,000 பவுண்டோ அதற்கு மேலோ தாங்கும்படி மதிப்பிட்ட அச்சு உள்ள வண்டிக்கு 121 பொருந்தாது. மொத்த எடை மதிப்பு 1,20,000 பவுண்டைத் தாண்டும் தாழ்தள 'ஹெவி ஹாலர்' வகைக்கும் விலக்கு. ஆக, டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ராட்சத சுமைகளைத் தூக்கும் டிரெய்லர்களில் பிரேக் எப்படி இருக்கணும் என்பதை, இந்த விதி அல்ல, கட்டுகிற பொறியாளரே முடிவு செய்கிறார். கூட்டம் குறைவான தனி ரகம், பெரும்பாலும் அனுமதி வாங்கி மெதுவாகப் போகிறவை என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் மிரிக் தீர்ப்பு இங்கேதான் கனமாகிறது. கேட்க விதி இல்லை என்றாலும், கேட்க நீதிமன்றம் உண்டு.

நம்மாட்கள் பலர் டிரக் ஓட்டுகிறார்கள், அவர்களுக்காக ஒன்று. 1998 மார்ச்சுக்குப் பிறகு வந்த டிரெய்லரில், இடது பக்கம் பின்கோடியில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். கரண்ட் வந்ததும் அது ஒருமுறை எரிந்து அணையணும். அணையாமல் எரிந்தால் ஏபிஎஸ்ஸில் கோளாறு. எரியவே இல்லை என்றால் பல்போ வயரோ போயிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்க. கம்பெனி கையெழுத்துப் போட்டது வண்டி புதுசாக இருந்த அன்றைக்கு. இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று சொல்வது அந்தச் சின்ன விளக்குதான்.