காப்டன் சீட்டாட வந்தார்!

தொடர்கதை படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. நாலே நாலு எழுத்துதான். 'முற்றும்!'

வாரா வாரம், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று தவித்துக் கொண்டிருந்திருப்போம். கதாநாயகிக்கு ஜுரம் வந்தால் நமக்கு உடம்பு சுடும். திடீரென்று ஒரு நாள் கதையின் அடியில் அந்த நாலெழுத்து! அடுத்த இதழைப் புரட்டும்போது, அந்தப் பக்கம் வந்ததும் கை ஒரு கணம் தயங்குகிறது. பல நாள் பழகியவர்கள் காலி செய்துகொண்டு போன அடுத்த வீட்டைப் பார்ப்பது போல் இருக்கிறது.

ஒரு வருஷம் வந்த கதைக்கே இப்படி என்றால், ஏழு வருஷம் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்து போன கதைக்கு?

1994-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதியையொட்டி அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த அனுபவம் ஏற்பட்டது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற டெலிவிஷன் தொடர் அந்த வாரம் முடிவடைந்தது. கனடா தேசத்து டொராண்டோ நகரில், அப்போது 'ஸ்கைடோம்' என்று பெயர் கொண்டிருந்த பிரம்மாண்டமான விளையாட்டரங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி, பெரிய திரையில் கடைசிக் கதையைப் பார்த்தார்கள். பந்தாட்டத்துக்காகக் கட்டிய இடம், அன்று ஒரு கதையை வழியனுப்பும் இடமாகிவிட்டது.

"விண்வெளியாவது, விஞ்ஞானமாவது! நமக்குச் சரிப்படாது" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! அந்தக் கடைசிக் கதையில் விண்கலம் உண்டு, விபரீதம் உண்டு. ஆனால் அதன் உள்ளே இருப்பது நம் வீட்டு விஷயம்தான். ஞாபகம் தடுமாறும் பெரியவர் ஒருவர், "நான் சொல்வதை நம்புங்கள்" என்கிறார். வீட்டார் என்ன செய்ய வேண்டும்? இதுதான் அந்தக் கதை.

விடை பெறாமல் போனவர்கள்

முதலில் பழைய கதை கொஞ்சம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற பெயரில் ஒரு தொடர் 1966-ம் வருஷமே வந்தது. ஜீன் ராடன்பரி என்பவரின் படைப்பு. 'எண்டர்பிரைஸ்' என்ற விண்கலத்தில் பல தேசத்தாரும் பல கிரகத்தாரும் ஒன்றாகப் பிரயாணம் செய்வார்கள். இரண்டு வருஷம் ஆனதும், அதை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. பீஜோ ட்ரிம்பிள் என்ற பெண்மணி சும்மா இருக்கவில்லை. கணவரையும் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராக ரசிகர்களைத் தூண்டி, டெலிவிஷன் கம்பெனிக்குக் கடிதமாகக் குவிக்கச் செய்தார். தொடருக்கு மூன்றாவது வருஷமும் ஆயுள் கிடைத்தது!

ஆனால் அத்துடன் சரி. 1969-ம் வருஷம் ஜூன் 3-ந் தேதி, 79-வது கதையோடு தொடர் நின்றுவிட்டது. அந்தக் கதையில் விடை பெறுதல் என்று ஒன்றுமே இல்லை. அடுத்த வாரமும் வரப் போகிறவர்கள் போலவே கலம் போயிற்று, போயே போய்விட்டது. ஊருக்குப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போன உறவினரைப் போல!

பதினெட்டு வருஷம் கழித்து, 1987 செப்டம்பரில், அதே ராடன்பரி புதிய தொடரைத் தொடங்கினார். பெயர் அதே எண்டர்பிரைஸ்; கலம் வேறு, மனிதர்கள் வேறு. காப்டன் ழான்-லுக் பிக்கார்டாக வந்தவர் பாட்ரிக் ஸ்டூவர்ட், இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பேர் வாங்கியவர். தொடர் நிலைக்காது என்று பலரும் சொல்லக் கேட்டு, ஆரம்பத்தில் பெட்டியைக்கூடப் பிரித்து வைக்கவில்லையாம். பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம் இது. பிரிக்காத பெட்டியோடு வந்தவர் ஏழு வருஷம் தங்கிவிட்டார்!

கலமா, குடித்தனமா?

அந்தக் கலத்து மனிதர்கள் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. ரைக்கர் என்ற துணைத் தலைவர் சிரித்த முகம். டாக்டர் பெவர்லி குடும்பப் பொறுப்பு மிக்கவர். பிறர் மன உணர்ச்சியை அறியக்கூடியவள் டிராய். கண் தெரியாத ஜார்டி என்ற என்ஜினீயர், ஒரு கருவியைக் கண்மேல் அணிந்து பார்ப்பான். முரட்டு வீரன் வொர்ஃப். அப்புறம், மனிதனாக வேண்டும் என்று ஆசைப்படும் யந்திர மனிதன் டேட்டா.

வேலை முடிந்த இரவுகளில் இவர்கள் ஒரு வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து 'போக்கர்' என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். கேலியும் சிரிப்பும் பறக்கும். ஒருவர் மட்டும் அங்கே வர மாட்டார். அவர்தான் காப்டன். நல்லவர்தான், எல்லோரிடமும் அன்பு உள்ளவர்தான். ஆனால் தலைவர் என்றால் சற்று எட்டி நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர்கள் ஆடுவார்கள், அவர் தம் அறையில் தனியே புத்தகமும் தேநீருமாக இருப்பார். இப்படியே ஏழு வருஷம்!

மூன்று காலம், ஒரு மனிதர்

பார்ப்பவர்கள் குறைந்துபோனதால் தொடர் நிற்கவில்லை. படக் கம்பெனி அந்தக் குழுவைச் சினிமாவுக்குக் கொண்டுபோக விரும்பியது. முடிவுக் கதையை எழுதும் பொறுப்பு ரொனால்ட் மூர், பிரானன் பிராகா என்ற இருவர் தலையில் விழுந்தது. அதே சமயம் அவர்கள் சினிமாக் கதையையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். சினிமாவுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. கடைசிக் கதையோ சுமார் ஒரே மாதத்தில் தயார். அவசரத்தில் எழுதியதுதான் நன்றாக அமைந்துவிட்டது என்று அவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள்! பதினைந்து நாள் பாடுபட்ட தீபாவளிப் பட்சணத்தைவிட, விருந்தாளி வந்ததும் அரை மணியில் கிண்டிய கேசரி பேர் வாங்குவதில்லையா?

கதை இதுதான். காப்டன் பிக்கார்ட் காலத்தில் வழுக்கிவிடுகிறார். ஒரு கணம் இன்றைய கலத்தில் இருக்கிறார். மறு கணம் ஏழு வருஷம் முன்னால், முதல் முதலாகக் கலத்தில் கால் வைத்த நாளில். இன்னொரு கணம் இருபத்தைந்து வருஷம் பின்னால், பிரான்ஸ் தேசத்தில், நரைத்த தாடியுடன் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்று காலத்திலும், விண்வெளியில் ஒரே இடத்தில், காலமே கிழிந்தாற்போல் ஒரு பிளவு. அது விசித்திரமான பிளவு. சாதாரணமாக விரிசல் நாளாக ஆகப் பெரிதாகும். இதுவோ பின்னோக்கி வளர்கிறது. இன்றைக்கு இருப்பதைவிட ஏழு வருஷம் முன்னால் பெரிதாக இருக்கிறது. வருங்காலத்தில் தேடினால் காணவே காணோம்!

இந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பவன் 'க்யூ' என்ற சர்வ வல்லமை பெற்ற குறும்பன். ஒரே எழுத்துதான் பெயர். செய்யும் சேஷ்டையோ கொஞ்சநஞ்சமல்ல! முதல் கதையிலேயே மனித குலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவன். அந்த விசாரணை முடிந்துவிட்டதாக நாம் நினைத்திருந்தோம். "எங்கே முடிந்தது? இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது" என்கிறான் இப்போது. காப்டனை முந்நூற்றைம்பது கோடி வருஷம் பின்னால் அழைத்துப்போய், ஒரு சேற்றுக் குட்டையைக் காட்டுகிறான். பூமியில் முதல் உயிர் தோன்ற வேண்டிய இடம். பிளவு அதுவரை வளர்ந்துவிட்டதால், உயிருக்கு வித்தான துளிகள் ஒன்று சேரவில்லை. சேராவிட்டால் செடி இல்லை, மீன் இல்லை, நாமும் இல்லை!

யார் நம்பினார்கள்?

இங்கேதான் கதை நம்மைத் தொடுகிறது. மூன்று காலத்திலும் காப்டன் தம் மனிதர்களிடம், "என்னோடு வாருங்கள்" என்கிறார்.

கடந்த காலத்தில் அவர்களுக்கு அவரைத் தெரியாது. இன்றுதான் வந்த அதிகாரி. உத்தரவு என்பதால் கீழ்ப்படிகிறார்கள். முகத்தில் சந்தேகம் தெரிகிறது. நிகழ்காலத்தில் ஏழு வருஷப் பழக்கம் இருக்கிறது. நம்பிக்கையோடு உடன் நிற்கிறார்கள்.

வருங்காலத்தில்? அவர் ஓய்வு பெற்ற கிழவர். மூளையைச் சிறிது சிறிதாக அரிக்கும் வியாதி. "சற்று முன் வேறு காலத்தில் இருந்தேன்" என்கிறார். யாருமில்லாத தோட்டத்தில் யாரோ நின்று சிரிப்பதாகச் சொல்கிறார். பார்க்க வந்த ஜார்டிக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. பழைய குடும்பமோ சிதறிக் கிடக்கிறது. டிராய் இறந்துவிட்டாள், அவளை முன்னிட்டு ரைக்கருக்கும் வொர்ஃபுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பெவர்லி காப்டனை மணந்து, பிரிந்தும் போய்விட்டாள். இப்போது ஒரு மருத்துவக் கலத்துக்குத் தலைவி.

இந்த நிலையிலும் ஜார்டி அவருடன் கிளம்புகிறான். பேராசிரியராகிவிட்ட டேட்டா கிளம்புகிறான். பெவர்லி தன் கலத்தையே கொடுக்கிறாள். அவர் சொல்வது உண்மை என்று அவர்களுக்கு நிச்சயமில்லை. அவர் மேல் இருக்கும் பாசம் மட்டும் நிச்சயம்.

போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை! ஆபத்துத்தான் மிச்சம். மருத்துவக் கலமும் அழிந்துபோகிறது. "போதும்" என்று மருந்து கொடுத்துப் பெரியவரைத் தூங்கப் பண்ணுகிறார்கள். அவர் எழுந்து, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஓடி வந்து, மூச்சு வாங்கச் சொல்கிறார்: பிளவு பின்னோக்கி வளருகிறது, அதை உண்டாக்கியதே நாம்தான், தேடுவதற்காக மூன்று காலத்திலிருந்தும் ஒரே இடத்தில் பாய்ச்சிய கதிர்தான் காரணம். எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். டேட்டா மட்டும் யோசிக்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது! திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள். அப்போதுதான் முளை விட்ட சின்னஞ்சிறு பிளவு கண்ணில் படுகிறது. கடைசியில், மூன்று காலத்துக் கலங்களும் அந்தப் பிளவுக்குள் புகுந்து, தங்களையே பலி கொடுத்து அதை மூடுகின்றன.

வீட்டில் தாத்தா ஒருவர் இருந்து, நேற்றையும் இன்றையும் குழப்பிக்கொண்டு பேசினால், "சரி தாத்தா, தூங்குங்கள்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுகிறோம். பத்தில் ஒன்பது தடவை அதுதான் சரி. பத்தாவது தடவை அவர் சொல்வதில் ஏதோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் புத்தி மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் வேண்டும்.

காலியாக இருந்த நாற்காலி

எல்லாம் முடிந்து காப்டன் தம் காலத்துக்குத் திரும்புகிறார். வருங்காலத்தில் கண்டதை ஒளிக்காமல் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார். சண்டை இப்படி வரும், பிரிவு இப்படி வரும் என்று தெரிந்தால், அதைத் தவிர்க்கலாம் அல்லவா?

அன்று இரவு சீட்டாட்டம் நடக்கிறது. கதவு திறக்கிறது. காப்டன்! ஏதோ அவசர வேலை என்று எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வேலை ஒன்றுமில்லை. சேர்ந்துகொள்ளலாமா என்று கூச்சத்தோடு கேட்கிறார். நாற்காலி நகர்கிறது, சீட்டுக்கட்டு அவர் கைக்கு வருகிறது. எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்க்கிறார். எப்போதோ வந்திருக்க வேண்டும் என்கிறார். கலம் மெல்ல நகர்ந்து நட்சத்திரங்களுக்குள் போகிறது. அவ்வளவுதான்.

1995-ல் விஞ்ஞானக் கதைகளுக்கான 'ஹ்யூகோ' பரிசு இந்த முடிவுக்குக் கிடைத்தது. ராடன்பரி அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, 1991-லேயே காலமாகிவிட்டார். 2023 ஏப்ரலில் அதே நடிகர்கள் தலை நரைத்து மீண்டும் ஒன்று கூடிய 'பிக்கார்ட்' என்ற தொடர் முடிந்தது. எங்கே முடிந்தது என்கிறீர்கள்? அதே சீட்டாட்ட மேஜையில்!

முடிவுக் கதையின் பெயரிலும் ஒரு நயம் உண்டு. 'நல்லவை எல்லாவற்றுக்கும் முடிவு உண்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி. அதில் 'நல்லவை எல்லாம்' என்பதற்கான சொற்களை மட்டும் எழுதி, மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிட்டார்கள். 'முடிவு' என்ற வார்த்தையை எழுத அவர்களுக்கும் மனம் வரவில்லை போலும்!

உங்கள் வீட்டிலும் ஆபீஸ் காகிதங்களோடு தனியே உட்காரும் காப்டன் ஒருவர் இருக்கலாம். இன்று இரவு கூடத்தில் எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வையுங்கள். கூச்சப்படுவார். ஆனாலும் வருவார்.