சென்று பார்ப்பவனே தலைவன்

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பசித்திருந்த பெருந்திரளான மக்களை அனுப்பிவிடுவதே ஏற்ற வழியெனச் சீடர்கள் ஆண்டவரிடம் எடுத்துரைத்தனர். இயேசுவோ, அவர்களிடம் எத்தனை அப்பங்கள் உள்ளன என வினவி, சென்று பார்த்து வருமாறு பணித்தார் (மாற்கு 6:35-38). முடிவை முதலிற் சொன்னவர்களை, முதலிற் பார்ப்பதற்கு அனுப்பினார் நம் ஆண்டவர். இந்த நற்செய்திப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் கல்லூரி நாட்களே என் நினைவுக்கு வருகின்றன.

கரையோரக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் பயின்ற கல்லூரி அது. உயர்தர வகுப்பில் பயின்ற நான் மாணவ முதல்வனாக நியமிக்கப்பட்டிருந்தேன். காலையில் வாயிலில் நின்று, பிந்தி வருபவர்களின் பெயர்களைக் குறித்துக் கொடுப்பது என் பணி. பத்தாம் தரத்து மாணவன் ஒருவனுடைய பெயரை ஒரே மாதத்தில் பதினொரு முறை எழுதினேன். அவன் தண்டனை பெற்றான். கடமையைச் செவ்வனே செய்தேன் என்னும் பெருமிதம் எனக்கு.

அவ்வேளையில், மாணவத் தலைவர்களுக்கென மூன்று நாள் பயிற்சி முகாமொன்று தியான இல்லத்தில் நடைபெற்றது. மேடைப் பேச்சும் கூட்டம் நடத்தும் முறையும் கற்பிப்பார்கள் என எண்ணிச் சென்றோம். பயிற்சியை வழிநடத்திய அருட்தந்தையோ, எங்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் அப்பியாசக் கொப்பியைத் தந்து, மூன்று சொற்களை எழுதச் சொன்னார்: பார், தீர்மானி, செயற்படு.

கார்டைன் காட்டிய வழி

இம்மூன்று சொற்களுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1882ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் எளிய குடும்பமொன்றிற் பிறந்த யோசேப் கார்டைன், குருமட மாணவனாக விடுமுறையில் வீடு திரும்பியபோது, தம்முடன் பயின்ற நண்பர்கள் தொழிற்சாலைகளில் உழைத்துக் களைத்துத் திருச்சபையை விட்டே விலகிப்போயிருந்ததைக் கண்டார். அந்தக் காட்சி அவருடைய வாழ்வைத் திசை திருப்பியது. குருவானபின் இளந் தொழிலாளரைச் சிறு குழுக்களாகக் கூட்டி, தம் வாழ்வின் உண்மை நிலையைத் தாமே பார்க்கவும், நற்செய்தியின் ஒளியில் தீர்மானிக்கவும், துணிந்து செயற்படவும் பயிற்றினார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருப்பெற்றது. பின்னர் அதே வழிமுறை மாணவர் இயக்கங்களிலும் வேரூன்றியது. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலில் இவ்வழிமுறையை இளைஞர்களுக்குப் பரிந்துரைத்தார். 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட கார்டைன் 1967இல் இறைவனடி சேர்ந்தார்.

பிந்தி வந்தவன்

முகாம் முடிந்ததும் அருட்தந்தை எங்களுக்கு இட்ட பணி விசித்திரமானது. ஒரு வாரம் எதையும் திருத்த முயலாமல், பார்ப்பதை மட்டும் எழுதி வரவேண்டும். திங்கட்கிழமை அந்த மாணவன் வழக்கம்போற் பிந்தி வந்தான். அன்றுதான் அவனுடைய கைகளைப் பார்த்தேன். விரல்களெங்கும் வெட்டுக் காயங்கள். சட்டை துவைத்திருந்தது, எனினும் மீன் வாடை நீங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவனுடன் நடந்து சென்று விசாரித்தேன். தந்தை நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். விடியற்காலையில் கரைக்கு வரும் வள்ளங்களின் வலைகளிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்து, அந்தக் கூலியைத் தாயிடம் சேர்த்துவிட்டே அவன் கல்லூரிக்கு வந்தான்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்கள் கேட்கவில்லையே, அண்ணா" என்றான்.

பதினொரு முறை அவனுடைய பெயரை எழுதிய எனக்கு அவனைத் தெரியாது. அன்றிரவு கொப்பியில் நான் எழுதியது அவனைப் பற்றியன்று, என்னைப் பற்றியே.

அடுத்த கூட்டத்தில் நால்வர் கூடி ஆராய்ந்தோம். நேர ஒழுங்கு தவறானதன்று. ஆனால் காரணம் அறியாத ஒழுங்கு நீதியாகாது எனத் தீர்மானித்தோம். அதிபரிடம் நேரிற் சென்று நிலைமையை விளக்கினோம். முதற்பாடத்திற்குப் பிந்தி வர அவனுக்கு அனுமதி கிடைத்தது. தவறிய பாடங்களை மாலையில் முறைவைத்துச் சொல்லிக்கொடுத்தோம். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதுவே எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது. தந்தையின் நோயையோ வீட்டின் வறுமையையோ எங்களால் மாற்ற இயலவில்லை. ஆயினும் அவன் படிப்பைக் கைவிடவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினான்.

அன்பான பெற்றோரே, பிள்ளையின் சட்டையில் தலைமைச் சின்னம் ஏறும்போது நாம் மகிழ்கின்றோம். அது நியாயமே. ஆனால் முதன்மையாயிருக்க விரும்புபவர் அனைவருக்கும் பணியாளராக வேண்டும் என்பதே ஆண்டவர் வகுத்த அளவுகோல் (மாற்கு 10:44). இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், எத்தனை புள்ளிகள் பெற்றாய் எனக் கேட்குமுன், "இன்று உன் வகுப்பில் யாரைப் பார்த்தாய்?" என ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராமற் போகலாம். கேள்வி தொடர்ந்தால், நாளை அவர்கள் கண் திறந்து பார்க்கத் தொடங்குவார்கள்.

ஆண்டவரே, தீர்ப்பிட விரையும் எங்களை முதலிற் பார்ப்பதற்கு அனுப்பியருளும்.