உங்களுக்குத் தெரியுமா? கடைசி யூனிட்டுக்குத்தான் விலை அதிகம்

திருப்பதி மாவட்டம் நாராயணவனத்தில் வீட்டு மின்கட்டணம் மாதந்தோறும் படிநிலை முறையில் கணக்கிடப்படுகிறது. ஆந்திராவில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி முதல் 30 யூனிட்டுக்குத் தலா ரூ.1.90, 75 வரை ரூ.3, 125 வரை ரூ.4.50, 225 வரை ரூ.6, 400 வரை ரூ.8.75, அதற்கு மேல் ரூ.9.75. ஆகவே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய மேல்படியிலிருந்துதான் முதலில் கழிகிறது.

மாதம் 150 யூனிட் செலவாகும் வீட்டில் மின்சாரத்துக்கு மட்டும் ரூ.567 ஆகும். அங்கே 75 வாட் மின்விசிறிகள் இரண்டு, நாளுக்கு 15 மணி நேரம் சுழல்வதாகக் கொள்வோம். அவற்றுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) விசிறிகளை மாட்டினால் மாதம் சுமார் 40 யூனிட் குறையும், தொகை ரூ.349.50 ஆக இறங்கும். யூனிட்டில் கால்பங்கு குறைய, பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பழைய விசிறி இன்னும் ஓடுகிறதே என்று விட்டுவைப்பது உண்மையில் சிக்கனமல்ல.

கோடையில் ஏ.சி.யை 24 டிகிரியில் வைப்பது நல்லது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். சொந்த மொட்டைமாடி உள்ளவர்களுக்கு 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத்தகடு அமைக்க ரூ.78,000 மானியம் உண்டு.