எல்.இ.டி. டார்ச்சின் அடிப்பொத்தானைச் சீர் செய்யும் முறை

தரங்கம்பாடி, பொறையாறு, திருக்கடையூர்ப் பகுதிகள் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளவை. வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரம் உழவரின் வசதிப்படி அமைவதில்லை. நள்ளிரவானாலும் மண்வெட்டியுடன் சென்று மடையைத் திறந்தாக வேண்டும். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் வரப்பில் நடமாடும் நேரமும் அதுவே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்; பெரும்பாலோர் கிராமத்தவர். கையிலுள்ள விளக்கு பாதி வழியில் அணைவது அற்ப விஷயமன்று.

இப்போது பலரிடமும் உள்ளது அடியில் பொத்தான் வைத்த சிறிய எல்.இ.டி. டார்ச். இதில் எல்.இ.டி. எளிதில் பழுதாவதில்லை, பெரும்பாலும் தொல்லை தருவது பொத்தானே. விளக்கின் தலையிலிருந்து அலுமினியக் குழல் வழியாகத் திரும்பும் மின்சாரம் அடிமூடி, பொத்தான், ஸ்பிரிங் ஆகியவற்றைக் கடந்துதான் செல்லின் அடிமுனையை அடைகிறது. கடலோர உப்புக் காற்றும் ஈரக் கையும் சேர்ந்து இந்த இணைப்புகளில் களிம்பு பிடிக்கச் செய்கின்றன. பொத்தானைத் தொடாமலே வெளிச்சம் குறைவதும் மின்னுவதும் பெரும்பாலும் இதனால்தான். இணைப்பு நொடிப்பொழுது விட்டுச் சேர்வதை, பொத்தானை அழுத்தியதாகவே விளக்கு எடுத்துக்கொள்கிறது.

விளக்கை எறிந்துவிடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடிமூடியைக் கழற்றிவிட்டு, செல்லின் அடிமுனையையும் குழலின் விளிம்பையும் சிறு செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். நன்றாக எரிந்தால் கோளாறு அடிமூடியில் என்பது உறுதி. கம்பி செல்லின் இரு முனைகளையும் ஒருசேரத் தொடவே கூடாது. லித்தியம் செல் சூடேறித் தீப்பற்றலாம்.

பல டார்ச்சுகளில் குழலின் மரையிலுள்ள நிறப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. விளிம்பு மட்டுமே வெறும் உலோகம். அதை நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பளிச்சிடச் செய்தாலே பாதி விளக்குகள் பிழைத்துவிடும். சாதாரண அல்கலைன் செல் கசிந்து வெண்பொடி படிந்திருந்தால், செல்லை அகற்றியபின் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்த வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்திற்குச் சிறிது சிலிகான் கிரீஸ் போதும். மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

அப்படியும் வெளிச்சம் மங்கினால் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். எஃகு ஸ்பிரிங் மின்சாரத்துக்குத் தடை கொடுக்கும். 1 ஆம்பியர் ஓடும்போது வழியில் கால் ஓம் தடை இருந்தால் கால் வோல்ட் வீணாகும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லில், ஏறத்தாழ 3 வோல்ட் கேட்கும் எல்.இ.டி.க்கு இது பெரிய இழப்பு. அடிமூடியின் உள்ளே இரு துளையுள்ள வளையத்தைக் கூர்மூக்குக் குறட்டால் திருகி எடுத்தால் பொத்தான் தகடு வெளியே வரும். ஸ்பிரிங்கின் உச்சியிலிருந்து அது அமர்ந்துள்ள இடம்வரை மெல்லிய பலஇழைச் செம்புக் கம்பியை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்குவதற்கேற்பக் கம்பியைத் தளர்வாக விடுவது அவசியம். இழுத்துப் பற்றவைத்தால் சில நாட்களில் அறுந்துவிடும். பற்றவைக்கும்போது பொத்தான் அதிகம் சூடானால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகிவிடும். ரேடியோ, செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது. பொத்தானே தேய்ந்திருந்தால் அதே அளவில் புதிதை அவரே மாற்றித் தருவார்.

மடியில் வைத்த விளக்கு தானே எரிந்து, வேண்டிய நேரத்தில் செல் தீர்ந்திருப்பதும் உண்டு. மரையில் பூச்சுள்ள விளக்கானால் அடிமூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பொத்தான் அழுந்தினாலும் எரியாது. மடைக்குப் புறப்படும்போது மீண்டும் இறுக்கி, வாசலிலேயே ஒருமுறை எரித்துப் பார்த்துக் கொள்ளலாம்.