கேட்பதற்காக ஒரு பயணம்



சில திங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய உள்ளத்தைக் கொள்ளை கொண்ட ராக் இசைக் கலைஞர் ஒருவர் ஐரோப்பிய நகரம் ஒன்றில் மேடையேறிப் பாட இருக்கிறாராம். விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த பணம் மாணவரிடம் இருக்கிறது. துணைக்கு வருவார் எவரும் இல்லை. தனியே சென்று கேட்டு வரவேண்டும் என்பது அவருடைய ஆவல். தந்தையாரோ, "அந்தப் பாட்டுகள் அனைத்தும் உன் கைப்பேசியிலேயே இருக்கின்றனவே, அவற்றைக் கேட்கக் கடல் கடந்து போவாரும் உண்டோ?" என்று வினவினாராம். மகனால் அதற்கு விடை கூற இயலவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், என்னாலும் உடனே இயலவில்லை. ராக் இசை என் செவிக்குப் பழகியதன்று. அதன் பேரொலி எனக்குச் சற்று அச்சமே தருகிறது. ஆயினும் தந்தையார் கேட்ட கேள்வி ராக் இசையைவிட மிகப் பழமையானது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இளைஞர் அதற்குத் தம் கால்களால் விடை கூறியிருக்கிறார். அவருடைய கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் யோகான் செபஸ்தியான் பாக். பிற்காலத்தில் மேலை இசை உலகின் பெருந்தூண்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர். ஆனால் நாம் பேசும் காலத்தில், அதாவது 1705-ஆம் ஆண்டில், அவர் இருபது வயது இளைஞர். செருமானிய நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஆர்ன்ஸ்டாட் என்னும் சிறு நகரில், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியில் இரண்டு ஆண்டுகளாக இருந்துவந்தார். ஆர்கன் என்பது துருத்திக் காற்றினால் எண்ணற்ற குழல்களை ஒலிக்கச் செய்யும் பெருங்கருவி. கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகள், கால்களுக்கு ஒரு வரிசை, பக்கத்தில் குழல் தொகுதிகளைத் திறக்கவும் மூடவும் இழுகோல்கள் என்று அது ஒரு சிறு கோட்டை போலவே இருக்கும்.

அந்நாளில் வடகோடியில், பால்டிக் கடலை அடுத்த லூபெக் என்னும் வணிக நகரில், டீட்ரிக் புக்ஸ்டஹூட என்ற முதிய கலைஞர் வாழ்ந்தார். 1668 முதல் அந்நகரத்துத் தூய மரியாள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தவர். அவர் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்று பாக் விரும்பினார். அக்டோபர் மாதத்தில் நான்கு வார விடுப்புக் கேட்டார், கிடைத்தது. தம் பணியைப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவரை அமர்த்திவிட்டுப் புறப்பட்டார். லூபெக் 250 மைலுக்கு மேற்பட்ட தொலைவு. கிலோமீட்டரில் 400-க்கும் மேல். அவர் நடந்தே சென்றார் என்று, அவர் மறைவுக்குப்பின் அவருடைய மகனாரும் மாணாக்கர் ஒருவரும் எழுதி 1754-இல் அச்சான வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. துணைக்கு எவரும் சென்றதாக எந்தக் குறிப்பும் இல்லை. அன்று செருமனி ஒரே நாடாகவும் இல்லை. பல சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களும் கொண்ட நிலப்பரப்பு அது. ஆகவே இப்பயணத்தை அயல்நாட்டுப் பயணம் என்றே சொன்னால் பிழையாகாது.

இசையைத் தேடி அவர் நடந்தது அது முதல் முறையன்று. பதினைந்தாம் வயதில் லூனெபுர்க் நகரத்துப் பள்ளியில் சேர்ந்தபோதே, ஹாம்பர்க்கில் இருந்த ரைன்கன் என்னும் மூத்த கலைஞரைக் கேட்க அவ்வப்போது சென்றுவருவார். ஒருமுறை திரும்பும் வழியில் கையிலோ காசில்லை, வயிற்றிலோ கடும்பசி. ஒரு விடுதியின் சமையல் மணம் மூக்கைத் துளைக்க, அவர் வெளியே அமர்ந்திருந்தார். அப்போது சன்னலைத் திறந்து யாரோ இரண்டு மீன் தலைகளைக் குப்பையில் எறிந்தார்களாம். எடுத்துப் பிளந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு தேனிய நாட்டுப் பொற்காசு! இளைஞர் வயிறார உண்டார். எஞ்சிய பணத்தோடு வீடு திரும்பினாரா என்றால் இல்லை. ரைன்கனைக் கேட்க மறுபடியும் ஹாம்பர்க்குக்கே நடந்தார். பாக் முதுமையில் இதைத் தாமே சொல்லி மகிழ்வாராம். மீன் தலைக்குள் பொற்காசு இருந்ததை நம்புவதா வேண்டாமா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். திரும்பி நடந்ததை நான் முழுவதும் நம்புகிறேன்.

இனி, தந்தையாரின் கேள்விக்கு வருவோம். "பாட்டு உன் கையிலேயே இருக்கிறதே" என்றார் அல்லவா? பாக்கின் கையிலும் இருந்தது. 2006-ஆம் ஆண்டில் வைமார் நகரத்து நூலகம் ஒன்றில் இரண்டு ஆய்வாளர்கள் சில பழைய தாள்களைக் கண்டெடுத்தனர். இரண்டாண்டுகளுக்கு முன் அந்நூலகத்தில் நேர்ந்த பெருந்தீயில் அவை தப்பியது நற்பேறு. சிறுவனாக இருந்த பாக் தம் கையாலேயே படியெடுத்த இசைக் குறியீடுகள் அவை. ஒன்று ரைன்கனின் படைப்பு. மற்றொன்று புக்ஸ்டஹூடவின் நெடிய ஆர்கன் படைப்பு. பின்னதை எழுதியபோது பாக்குக்குப் பதின்மூன்று பதினான்கு வயதே இருக்கும். ஆகவே புக்ஸ்டஹூட யார், எப்படிப்பட்ட இசையை ஆக்குகிறவர் என்பதை அறியாமல் பாக் லூபெக்குக்குப் போகவில்லை. அவர் இசையை வரிவரியாக எழுதிப் பயின்று, வாசித்துப் பழகி, ஆறேழு ஆண்டுகள் நெஞ்சில் சுமந்த பின்னரே போனார். தெரியாததால் போனவர் அல்லர், தெரிந்ததால் போனவர்.

அவ்வாறாயின் அந்தத் தாளில் இல்லாதது எது?

முதலாவது, குழல்களின் தேர்வு. இன்ன சுரத்தை இன்ன நேரத்தில் ஒலி என்று குறியீடு கூறும். எந்தக் குழல் தொகுதியைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பெரும்பாலும் கூறாது. அது வாசிப்பவரின் அறிவுக்கு விடப்பட்டது. ஆர்ன்ஸ்டாட்டில் பாக்கிடம் இருந்த கருவிக்குக் கைக்கட்டை வரிசைகள் இரண்டு. குழல் தொகுதிகள் இருபதுக்குச் சற்று மிகுதி. லூபெக்கின் பெரிய ஆர்கனுக்கோ மூன்று கைக்கட்டை வரிசைகள். ஐம்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள். சிறு கருவியில் பழகியவர் பெருங்கருவியின் ஆற்றலைத் தாளைப் பார்த்து எவ்வாறு அறிய முடியும்?

அதனினும் நுட்பமானது இடத்தின் இயல்பு. லூபெக் தேவாலயத்தின் நடுக்கூடம் செங்கல்லால் எழுப்பிய வளைகூரை உடையது. உயரம் 38 மீட்டருக்கு மேல். அத்தகைய கூடத்தில் எழுப்பிய ஓசை உடனே மறைந்துவிடாது. பல நொடிகள் கூரையில் உலவிய பிறகே அடங்கும். விரைந்து ஓடும் சுரவரிசையை அங்கே இடைவிடாது வாசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். தேர்ந்த கலைஞர் சற்றே நிறுத்துவார். முன் எழுந்த ஓசை அடங்குவதைத் தாமும் கேட்பார். பின்னர் அடுத்ததைத் தொடங்குவார். வடநாட்டு ஆர்கன் இசையில் திடீர் நிறுத்தங்களும் தாள அளவைத் தளர்த்திச் செல்லும் பகுதிகளும் மிகுதி. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதைத் தாள் அளந்து சொல்லாது. கூடத்தையும் கலைஞரையும் சேர்த்துக் கேட்டவருக்கே அது விளங்கும்.

"அது தாள், இன்று இருப்பது ஒலிப்பதிவு. மூச்சு விடும் ஓசைகூடப் பதிவாகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு ராக் உலகமே விடை தருகிறது. அமெரிக்காவில் கிரேட்புல் டெட் என்ற குழு 1965 முதல் 1995 வரை இசைத்துவந்தது. தங்கள் நிகழ்ச்சிகளை மக்கள் பதிவுசெய்துகொள்ள அக்குழுவினர் இசைந்தனர். 1984 முதல் பதிவுசெய்வோருக்கென்று அரங்கில் தனியிடமே ஒதுக்கினர். பதிவுகள் கைம்மாறிக் கைம்மாறி எங்கும் பரவின. அதனால் மக்கள் நேரில் வருவது குறைந்ததா? ஊர் ஊராகப் பின்தொடரும் அடியார் கூட்டமே உருவாகியது! 1978 செப்டம்பரில் எகிப்து நாட்டுப் பிரமிடுகளின் அடிவாரத்தில் அவர்கள் மூன்று இரவுகள் இசைத்தபோது, அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து சென்றவர்களும் உண்டு. ஓர் இரவு வாசித்ததை மறு இரவு அவ்வாறே வாசிக்கும் வழக்கம் அக்குழுவுக்கு இல்லை. கைவசம் உள்ள பதிவு நேற்றைய இரவைத் தரும். இன்றைய இரவு இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

உடலால் கேட்பது என்று ஒன்றும் உண்டு. பெரிய ஆர்கனின் மிக நீண்ட குழல் முழங்கும்போது, காதுக்கு முன்னரே காலடியில் உள்ள கல்தளம் அதைச் சொல்லும். ராக் அரங்கின் தாழ்ந்த சுரங்களும் அவ்வாறே நெஞ்சுக்கூட்டைத் தட்டும் என்று அம்மாணவர் கூறினார். காதில் செருகும் சிறு கருவியால் அது ஆகாது.

லூபெக்கில் பாக் கேட்டது ஆர்கன் மட்டுமன்று. கிறித்து பிறப்பு விழாவுக்கு முன்வரும் ஞாயிறுகள் சிலவற்றில், பிற்பகல் வழிபாடு முடிந்தபின், அங்கே மாலை இசை விழாக்கள் நடக்கும். செலவை நகரத்து வணிகர்கள் ஏற்றனர். அவ்வாண்டில் பேரரசர் முதலாம் லியோபோல்டு மறைந்து, அவர் மைந்தர் முதலாம் யோசேப்பு அரியணை ஏறியிருந்தார். இரங்கலுக்கு ஒன்றும் வாழ்த்துக்கு ஒன்றுமாக டிசம்பர் 2, 3 ஆகிய இரண்டு மாலைகளில் புக்ஸ்டஹூட சிறப்பு நிகழ்ச்சிகளை நடத்தினார். இரண்டாம் நாளில் 25 வயலின்கள் ஒரே குரலாக ஒலித்தனவாம். கூட்டத்தை அடக்கக் காவலரை நிறுத்தவேண்டியிருந்தது. மேடைக்கு முன் நெருக்கித் தள்ளுவது ராக் இரசிகர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அவ்விரு நிகழ்ச்சிகளின் பாடற்சொற்கள் அச்சில் இருக்கின்றன. இசை முழுவதும் அழிந்துபோயிற்று. அம்மாலைகளில் அங்கே இருந்தவர்களோடு அது முடிந்தது.

பாக்குக்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1703-இல், ஹேண்டலும் அவர் நண்பர் மத்தேசனும் இதே லூபெக்குக்கு வண்டியில் வந்தனர். புக்ஸ்டஹூடவின் பதவியை ஏற்பவர் அவர் மகளையும் மணக்கவேண்டும் என்ற ஏற்பாட்டைக் கேட்டதும், விருந்துண்டு, வணங்கி விடைபெற்றுச் சென்றுவிட்டனர்! புக்ஸ்டஹூடவும் தமக்கு முன்னிருந்தவரின் மகளை மணந்தே அப்பதவிக்கு வந்தவர். ஆதலால் அவருக்கு அது வியப்பாகத் தோன்றியிராது.

பாக் ஆர்ன்ஸ்டாட்டுக்குத் திரும்பியது 1706 பிப்ரவரித் தொடக்கத்தில். நான்கு வாரம் என்று சொல்லிச் சென்றவர் ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து வந்தார். பிப்ரவரி 21-ஆம் நாள் திருச்சபை அதிகாரிகள் அவரை அழைத்து விசாரித்தனர். எங்கே சென்றிருந்தீர் என்று கேட்டதற்கு, தம் கலையைச் சார்ந்த சிலவற்றை அறிந்துகொள்ள லூபெக்குக்குச் சென்றதாகவும், முன்னரே இசைவு பெற்றதாகவும் அவர் கூறினார். நான்கு வாரத்துக்கன்றோ இசைவு தந்தோம் என்றனர் அதிகாரிகள். தாம் அமர்த்திச் சென்றவர் வேலையைக் குறைவின்றிச் செய்திருப்பார் என்று நம்பியதாக விடை வந்தது. நான் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்தவன். என் பள்ளி ஆசிரியர் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் ஊதியத்தைப் பிடித்திருப்பேன் என்பதில் ஐயமில்லை. பாக்கின் வரலாற்றை எழுதுவோர் பலர் அவ்வதிகாரிகளை எள்ளி நகையாடுவர்; எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் அவரை நீக்கவில்லை என்பதையும் கருதவேண்டும்.

அதே விசாரணையில் இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது. நமக்கு முதன்மையானது அதுதான். வழிபாட்டுப் பாடல்களுக்கு ஆர்கன் வாசிக்கும்போது விந்தையான மாற்றங்களைப் புகுத்துகிறார், தொடர்பற்ற அயற்சுரங்களைக் கலக்கிறார், உடன்பாடும் மக்கள் திகைத்து நிற்கிறார்கள் என்பது புகார். அந்தச் சிற்றூர் மக்கள் அறியாமலே பதிவுசெய்துவைத்த சான்று இது. தாளில் கிடைக்காத எதையோ அவ்விளைஞர் லூபெக்கிலிருந்து கொண்டுவந்துவிட்டார். அவர்களுக்கு அது இடையூறாகப் பட்டது.

1707-இல் பாக் ஆர்ன்ஸ்டாட்டை விட்டு வேறு நகரத்துப் பணிக்குச் சென்றார். அவ்வாண்டு மே 9-ஆம் நாள் புக்ஸ்டஹூட காலமானார். தூய மரியாள் தேவாலயம் 1942 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது. அங்கிருந்த ஆர்கன்களும் உடன் எரிந்தன. கோபுரத்திலிருந்து விழுந்து உடைந்த மணிகளை, விழுந்த இடத்திலேயே இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் அந்த மாணவரிடம் கூறினேன். தந்தையாரிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். தங்கும் இடத்தின் முகவரியை வீட்டில் எழுதிவைத்துப் போகும்படியும், திரும்பும் சீட்டை முன்னரே வாங்கிக்கொள்ளும்படியும் கூறினேன். கல்லூரிக்கு எத்தனை நாள் விடுப்பு எழுதப்போகிறாய் என்று கேட்டேன். "ஐந்து நாள், ஐயா" என்றார். ஆறாம் நாள் வகுப்பில் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.